கயிறு இல்லாத கோடு

நாட்டுக்காக ஜெரிசன் எடுத்த விக்கற் ஒன்றே ஒன்றுதான். அதுவும் கணக்கில் இல்லை. ஏன் இல்லை என்று எங்கள் ஊரான குருநகரில் கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து அவனுடைய பந்தைப் பொறுக்கிக் கொடுத்தவன் நான். ஆகவே என் விளக்கம்தான் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மைதானம் கோயிலுக்குப் பின்னால் உள்ள கடற்கரை மணல். அதில் சுண்ணாம்புக் கோடு நிற்காது. நாலு பேர் ஓடினால் அழிந்துவிடும். அதனால் பழைய வலைக்கயிற்றை இழுத்து, இரு பக்கமும் முளை அடித்து, அதைப் பந்து போடுபவன் தாண்டக்கூடாத கோடாக வைப்போம். ஓடுவது வெறுங்காலில். பாதத்தில் கயிறு தட்டினால் அதுதான் எல்லை, யாரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. ஜெரிசனின் கண் எதிரே உள்ள ஸ்டம்பை விட்டு அசையாது. கோட்டைக் கால் பார்த்துக்கொள்ளும்.

அவனுடைய வேகத்தைக் கேள்விப்பட்டுக் கொழும்பிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். சப்பாத்துப் போட்டு, கால் கோட்டைத் தாண்டாதபடி ஓட்டத்தை ஓரடி பின்னுக்குத் தள்ளிப் பழக்கினார்கள். கழக ஆட்டங்களில் அது சரியாகத்தான் இருந்தது.

நாட்டின் சட்டையோடு அவன் தொலைக்காட்சியில் தெரிந்த அன்று எங்கள் துறையில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. அவனுடைய தாய் மரியநாயகிக்கு முன்கதிரை கொடுத்தோம். மூன்றாவது ஓவரில் நடு ஸ்டம்ப் பறந்தது. நாங்கள் கதிரைகளைத் தட்டிவிட்டு எழும்பினோம். அவன் கைகளை விரித்துக்கொண்டு ஓடினான், பாவி, பாதி மைதானம் ஓடிவிட்டான். அதன் பிறகுதான் அம்பயரின் கை பக்கவாட்டில் நீண்டிருப்பதைக் கண்டோம். நோ போல். கால் கோட்டைத் தாண்டியதால் அந்த விக்கற் செல்லாது. பதற்றத்தில் கால் பழைய கயிற்றைத் தேடிப் போயிருக்கிறது. தடித்த சப்பாத்துக்கு வெள்ளைப் பூச்சுக் கோடு என்ன சொல்லும்?

அடுத்த ஆட்டம் மழையில் போனது. பிறகு முதுகுவலி, பிறகு அணியில் புதிய முகங்கள். அவ்வளவுதான் அவனுடைய சர்வதேச வாழ்க்கை.

இப்போது ஜெரிசனுக்கு வயது முப்பத்தாறு. நண்டு வலைக்குப் போகிறான். அணி அறிவிக்கும் நாட்களில் தொலைபேசியைப் பொலித்தீனில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் கடலில் இறங்குவான்.

"இனி ஆர் உங்களைக் கூப்பிடப்போயினம்? வலையைப் பாருங்கோவன்," என்பாள் மனைவி வசந்தினி.

"கூப்பிடமாட்டினம் எண்டு எனக்குத் தெரியாதே? ஒரு விக்கற். ஒண்டு காணுமப்பா, அது போதும்."



இந்த வருடத் திருநாள் ஆட்டத்தில் பந்தை அவன் கையில் கொடுத்தோம். அதே மணல், அதே கயிறு, வெறுங்கால். அம்பயர் அவனுடைய பெரியப்பா கிறகோரி. முதல் ஓவரிலேயே ஸ்டம்ப் பெயர்ந்தது. நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். அவனோ கை தூக்கவில்லை. திரும்பிப் பெரியப்பாவின் கையைப் பார்த்தான். அந்த நோ போலுக்குப் பிறகு எந்த விக்கற் விழுந்தாலும் அவன் முதலில் செய்வது இதைத்தான்.

"கோடு தாண்டேல்லை மோனை. அவுட்டுத்தான்," என்றார் கிறகோரி.

ஜெரிசன் காலடியில் கிடந்த கயிற்றைப் பெருவிரலால் நெருடினான்.

"அண்டைக்கு இந்தக் கயிறு அங்கை கிடந்திருந்தாக் காணும், பெரியப்பா."

கிறகோரி தளர்ந்திருந்த முளையை மிதித்து இறுக்கினார்.