முதலில் யார் சொல்வது

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கம்பத்தில் திராட்சை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் களப்பணி எனக்கு ஒத்துப்போனதே அதனால்தான். காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். என்னையும் சேர்த்து மூன்று பேர், ஆளுக்கு ஓர் ஏரியா. திங்கட்கிழமை காலை மட்டும் கூட்டத்துக்காக ஆபீஸில் உட்கார்ந்தாக வேண்டும். அதுதான் கொடுமை.

எங்கள் சேர்மனும் திராட்சைக்காரர்தான். ஒவ்வொருவராகப் பார்த்து, "ஒன் ஏரியா எப்படி இருக்கு?" என்பார். "நல்லா இருக்குண்ணே" என்றால் டீ வரும். "நோய் தெரியுதுண்ணே" என்றால், "அதுவரைக்கும் நீ எங்கன போயி படுத்துக் கிடந்தே?" என்று ஆரம்பிப்பார். அந்தக் குரல் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வரைக்கும் கேட்கும். ஆகவே எங்கள் மூன்று ஏரியாவும் வருடம் முழுக்க நன்றாகவே இருந்தன. வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் கொழுத்த குலைகளின் படமும் காலை வணக்கமும்தான்.

போன போகத்தில் இந்த 'நல்லா இருக்கு' என் வயிற்றில் அடித்தது. நானும் வீட்டுக்காரரும் குத்தகைக்குப் பிடித்திருந்த பந்தலில் பிஞ்சு இறங்கியிருந்த நேரம். பக்கத்து ஏரியாவில் அடிச்சாம்பல் வந்திருந்தது. இலையின் அடியில் மாவு பூசியதுபோல் வெள்ளையாகப் படருகிற நோய் அது. அந்த ஏரியாவைப் பார்க்கும், எங்கள் மூன்று பேரில் சின்னவனான தம்பிக்குத் தெரியும், ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. தெரிந்திருந்தால் முன்னாடியே மருந்து அடித்திருப்போம். எங்கள் பிஞ்சு மொத்தமும் கருகிக் கொட்டியது. விஷயம் தெரிந்ததும் ஆபீஸ் வாசலிலேயே அவனை நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டினேன். "சொன்னா யாருக்கா ஏச்சு வாங்குறது?" என்றான். அவனை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

உள்ளே இருந்த சேர்மனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. சில நாள் கழித்து தேனி அல்லிநகரத்தில் யாரோ நடத்திய பயிற்சிக்குப் போய்விட்டு, 'அறிந்ததைப் பகிர்வோம்' என்று ஒரு போஸ்டரோடு வந்து சுவரில் ஒட்டினார். நாங்களும் பகிர்ந்தோம். யார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை, எந்தக் கடையில் புரோட்டா பஞ்சாக இருக்கும், எல்லாம் பகிர்ந்தோம்.

போஸ்டர் வேலைக்கு ஆகாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது போலும். கேள்வியை மாற்றினார். "இந்த வாரம் எங்கன தப்புப் போச்சு? மொதல்ல நானே சொல்றேன்." தன் பந்தலில் கவாத்து வெட்டிவிட்டுக் கொடியில் துளிர் வரும் கண்ணுக்கு மருந்து தடவியதில் கலவை தப்பி, பல கொடிகளில் கண்ணே விழிக்கவில்லையாம். நாங்கள் உச்சுக் கொட்டினோம். எங்கள் ஏரியா நல்லா இருக்குதுண்ணே என்றோம். வாராவாரம் அவர் மட்டும் தன் தப்பைச் சொல்வதும் நாங்கள் டீ குடிப்பதுமாகப் போயிற்று. இந்த இரண்டு பேரும் வாயைத் திறந்தால் என்ன குறைந்துவிடும் என்று உட்கார்ந்த இடத்தில் எனக்குப் பொறுக்காது. நானும்தான் பேசவில்லை, அது வேறு விஷயம்.

அடுத்த போகத்தில் எங்கள் பழம் நன்றாக நிறம் ஏறியது. வியாழக்கிழமை வியாபாரி பார்க்க வருவதாகப் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் வாய்க்கால் பக்கம் ஓர் இலையைத் திருப்பினேன். வெள்ளையாக இருந்தது.

வீட்டுக்காரர் என் கையிலிருந்து அந்த இலையை வாங்கிக் கசக்கிப் போட்டார். "யார்ட்டயும் மூச்சு விடாத. வியாபாரி வந்து முடிச்சுட்டுப் போகட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இலை உதிர்வதற்குள் பறித்துவிட்டால் பழம் தப்பிக்கும். ஆனால் நோய்த் தோட்டம் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் வியாபாரி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். இந்தப் போகமும் போனால் குத்தகையை விட்டுவிட வேண்டியதுதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அதே தம்பியின் ஏரியா. அங்கே எல்லாம் பிஞ்சாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் நிற்கவில்லை, தோட்டத்திலும் நிற்கவில்லை. காரியமே இல்லாமல் சின்னமனூர் வரைக்கும் ஸ்கூட்டியில் போய்விட்டுத் திரும்பினேன். அவன் ஏரியா நாசமாகப் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் போன போகத்தில் எங்கள் பிஞ்சு கொட்டிக் கிடந்ததுதான் கண்ணுக்குள் நின்றது.

திங்கட்கிழமை கூட்டத்தில், சேர்மன் தன் கதையை ஆரம்பிக்கும் முன்பே, "எங்க தோட்டத்துல அடிச்சாம்பல் வந்திருக்குண்ணே" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. வாய் திறந்துவிட்டது. நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வந்த வார்த்தையை அவர் விழுங்கியது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

"மொதல்ல எந்த மூலையில பாத்த, ஆத்தா?"

"வாய்க்கா பக்கம்ணே. சனிக்கெழம."

தம்பி தலையைக் குனிந்துகொண்டே பேசினான். "எங்க ஏரியாவுலயும் ஒரு தோட்டத்துல இருக்குண்ணே. வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன்." மூன்றாமவரும் தொண்டையைச் செருமினார். அவருக்கும் தெரிந்திருந்தது. டீ வருவதற்குள் எல்லோரும் வண்டியை எடுத்துவிட்டோம். பிஞ்சு நின்ற தோட்டங்களில் அன்று இருட்டுவதற்குள் மருந்து அடித்தாயிற்று.

ஆனால் நான் வீடு திரும்புவதற்குள் பேச்சு மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. "வியாபாரி போன எடுக்க மாட்டேங்குறாக. இப்ப சந்தோசமா?" என்றார் வீட்டுக்காரர். இலை உதிர ஆரம்பித்தது. தம்பி போன் செய்து, "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்க்கா" என்றான். கோபமாக வந்தது. அப்புறம் யோசித்தால், அவனும் இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்று புரிந்தது. சேர்மன் திட்டவில்லை, சரி. முதலில் வாயைத் திறந்தவள் கதி என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள். நான் கெட்டால் இனி யாரும் அந்த ஆபீஸில் பேசப்போவதில்லை.

வியாழக்கிழமை காலை சேர்மனின் பைக் வந்தது. பின்சீட்டில் எங்கள் போனை எடுக்காத அதே வியாபாரி, அவர்களுக்குப் பின்னால் லாரி. அன்று சேர்மன் பந்தலில் வெட்டுவதற்காக ஆளோடும் பெட்டியோடும் வந்தவர்.

"எங்க பழம் நாளைக்கும் நிக்கும். இங்கன எல உதிருது. இத மொதல்ல வெட்டுங்க" என்றார் சேர்மன்.

வியாபாரி ஒரு பழத்தை வாயில் போட்டார். இன்னொன்றும் போட்டார். பிறகு ஆட்களைப் பந்தலுக்குள் அனுப்பினார். சாயங்காலம் எங்கள் பெட்டிகள் லாரியில் மலையேறிக் கேரளாவுக்குப் போயின. வீட்டுக்காரர் சேர்மனுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

லாரி போன கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கி அடித்து ஊற்றியது. பழுத்த பன்னீர் திராட்சை மழை பட்டால் வெடித்துவிடும். எங்கள் பந்தலில் வெடிப்பதற்கு எதுவும் இல்லை.

விடிந்ததும் வீட்டுக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சேர்மன் தோட்டத்துக்குப் போனேன். குலைக்குக் குலை தோல் கிழிந்து சாறு ஒழுக, ஈ மொய்த்துக் கிடந்தது. அவர் வெடித்த பழங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்களால தானண்ணே" என்றேன்.

"மழைக்கு நீ என்ன ஆத்தா பண்ணுவ? கத்திரிய எடு."

சற்று நேரத்தில் தம்பியும் வந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. ஒரு குலையைக் கத்தரித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, எங்க ஏரியாவுல ஒரு தோட்டத்துல இலை ஒரு மாதிரி சுருளுது. என்னன்னு எனக்குத் தெரியல."

தெரியல என்று எங்கள் கம்பெனியில் ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சேர்மன் கத்தரியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அவன் வண்டியில் ஏறிக்கொண்டார்.