பெட்டிக்கு அடியில் ஒரு குழி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும் என்பார்கள். அன்று கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிவந்துதான் இருந்திருக்கும். ஜல்லி உடைக்கிற பெண்களைத் தூண்டிவிட்டு மூன்று நாளாக வேலையை நிறுத்தி வைத்திருந்த அந்தத் திருச்சிக்காரியை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வரத்தான் போனேன்.

ராஜாவும் சமஸ்தானமும் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். வண்டித் தடமாகக் கிடந்த வழிகளுக்கெல்லாம் ரோடு வந்துகொண்டிருந்தது. என் அப்பா ஒரு ரோடு காண்டிராக்டரிடம் மேஸ்திரி. அவரும் வாலிபத்தில் வெயிலில் உட்கார்ந்து கல் உடைத்தவர்தான். அவர் மகளான நான் ஆசிரியப் பயிற்சி முடித்து ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கையில் அப்பா வாங்கித் தந்த கடிகாரம். எங்கள் வகையறாவில் பொம்பிளை ஒருத்தி கடிகாரம் கட்டியது அதுதான் முதல் தடவை. முன்னுக்கு வருவது என்றால் அப்பாவுக்கு அந்தக் கடிகாரம்தான். அப்போது எனக்கும் அதுதான். வேலை நிறுத்தத்தால் அப்பாவின் மேஸ்திரி வேலை ஆட்டம் கண்டிருந்தது. அவரை அனுப்பிவிடுவேன் என்று காண்டிராக்டர் மிரட்டியிருந்தார்.

கூலி எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மரத்தில் நாலு பக்கச் சட்டம், மூன்று சாண் உயரம், அடிப்பலகை கிடையாது. அதைத்தான் பெட்டி என்பார்கள். தரையில் வைத்து, உடைத்த ஜல்லியை விளிம்பு வரை கொட்டி, பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி.

புது இடத்தில் வேலை தொடங்கும்போது ஒரு சடங்கு உண்டு. நான் பாவாடை கட்டிய வயதில் அப்பா என்னை அதற்கென்றே கூட்டிப்போவார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பெட்டி வைக்கிற இடத்து மண்ணைக் கொட்டாங்குச்சியால் நான் தோண்டித் தர வேண்டும். “பெட்டி ஆடாம உக்காரணும் ஆத்தா, நல்லா ஆழமாத் தோண்டு” என்பார். கல் உடைக்கிற பெண்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். “மேஸ்திரி மக கைராசிக்காரி. இவ கை பட்டா நமக்கு ஒரு பெட்டி கூடவே வரும்” என்பார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தருவார்கள். நான் பெரியவளான பிறகு அப்பாவே தோண்டிக்கொண்டார்.

கீரனூரிலிருந்து குளத்தூர்ப் பக்கம் ஒரு மைல் நடந்தேன். ரோட்டோரப் புளிய மரத்தடியில் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே கட்டை விரலில் துணி சுற்றிக்கொண்டு ஒருத்தி. இவள்தான் திருச்சிக்காரி, என் வயது இருக்கும். கல் உடைக்கப் பழகும்போது நசுக்கிக்கொண்ட விரல். அப்பா வக்கீலாம், வீட்டில் காராம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவளாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“மேஸ்திரி மகளா? உக்காருங்க” என்றாள்.

“உக்கார வரல. எங்கப்பா சோத்துல ஏன் மண்ணள்ளிப் போடுறீங்க? பணத்துல பெரண்டு அலுத்துப் போச்சுன்னா ஒங்க ஊர்ல போயி வெளையாட வேண்டியதுதான? எங்க பொழப்புதான் கெடைச்சுதா?”

அவள் கோபிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“வாஸ்தவந்தாங்க. நெனச்சா நான் சாயங்கால பஸ்ஸுக்கே போயிரலாம், இவங்க போக முடியாது. அதுல எனக்கே என் மேல கோவம் உண்டு. ஆனா நான் கூலி கூடக் கேக்கச் சொல்லலீங்க. பெட்டிய சமதரையில வைங்கன்னுதான் சொல்றேன்.”

“சமதரையிலதான வைக்கிறாரு?”

அவள் எழுந்து, பக்கத்தில் கிடந்த காலிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அடியில் குழி. பெட்டியின் உள்ளளவுக்கே சதுரமாக, ஒரு சாண் ஆழம். விளிம்பெல்லாம் கொட்டாங்குச்சி சுரண்டிய தடம்.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா நான்! மூன்று சாண் பெட்டி, ஒரு சாண் குழி. நாலு பெட்டிக் கல்லுக்கு மூன்று பெட்டிக் கூலி. மிச்சக் காசில் காண்டிராக்டருக்குப் போக அப்பாவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். எத்தனை ரோடு, எத்தனை வருஷம்! என் பயிற்சிப் படிப்பு, கடிகாரம், சோறு எல்லாம் அந்தச் சாண் குழியிலிருந்து வந்தது. அதையும் என் கையாலேயே தோண்ட வைத்தாரே மனுஷன், சூடம் வேறு காட்டி! கடலை மிட்டாயையும் அல்லவா தின்றேன்!

“என்னை முன்னுக்குக் கொண்டாரணும்னுதான் செஞ்சிருப்பாரு” என்றேன். குரல் இறங்கிப்போனது.

“எங்கப்பாவும் இதையேதான் சொல்லுவாரு. யாரைப் பின்னால தள்ளிட்டு முன்னுக்கு வரணும்னு ரெண்டு பேரும் சொல்லலியே.”

“பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கு. பசிக்கிறப்ப இந்தப் பேச்சு ஒதவாது.”

“ஒதவாதுதான்” என்றாள். இப்படி ஒத்துக்கொள்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்த நேரம் பார்த்து அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்து ஒரு கணம் முகம் மலர்ந்தது. தமக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நானோ குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி அந்தக் குழியில் போட்டேன். கடிகாரத்துக்குள் புழுதி போனது. போகட்டும் என்று விட்டேன்.

“ஆத்தா, என்ன பண்றே? எந்திரி, இங்கிட்டு வா” என்றார்.

“நீங்க அங்கிட்டே நில்லுங்க.”

“ஒன் படிப்பு அந்தக் குழியில வந்ததுதான், தெரிஞ்சுக்க.”

“தெரிஞ்சுதாம்ப்பா மூடுறேன். ஏன் என்னைத் தோண்ட வச்சீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல!” கத்திவிட்டேன். ஊர் ஜனம் முன்னால் பெற்ற தகப்பனை அப்படிக் கேட்டவள் எங்கள் வகையறாவில் நான்தான். அதுவும் முதல் தடவை. மிதித்து மிதித்து மண்ணை இறுக்கினேன்.

பெண்கள் எழுந்து வந்தார்கள். பெட்டியை வைத்து, அளக்காமல் கிடந்த குவியலை வாரிக் கொட்டினார்கள். மூன்று பெட்டி என்று அப்பா கண்மதிப்பாகச் சொல்லியிருந்த குவியல் நாலு பெட்டி வந்தது. யாரும் கைதட்டவில்லை. எனக்கு மிட்டாய் வாங்கித் தந்தவர்களில் ஒருத்தி, பல்லெல்லாம் போனவள், என் மண்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “ஏத்தா, இவ கை பட்டா ஒரு பெட்டி கூட வரும்னு அப்பருந்து சொல்லிக்கிட்டு இருந்தோம். இன்னைக்குத்தான் வந்திருக்கு” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே காண்டிராக்டர் அப்பாவை அனுப்பிவிட்டார். அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். என் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தேன், அந்தக் காசைத் தொட மாட்டேன் என்றார் அப்பா. அம்பது வயதுக்கு மேல் மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டு அதே பெண்களோடு ரோட்டோரம் உட்கார்ந்தார். அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தை யார் மேல் இறக்குவது? அந்தத் திருச்சிக்காரி மேல் கொஞ்ச நாள் இறக்கினேன். நான் திட்டுவேன், அவள் விரல் புண்ணை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அப்புறம் ஞாயிறுதோறும் அவளோடு போய் அந்தப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கடிகாரம் ஓடவில்லை. பழுது பார்க்கக் கொடுக்கவும் இல்லை.

ஒரு ஞாயிறு அப்படிப் போனபோது புது மேஸ்திரி பெட்டியோடு அப்பாவின் குவியலுக்கு வந்தார். அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பவில்லை.

“பெட்டிய வைக்காத தம்பி” என்றார். “மொதல்ல தரையப் பாத்துக்கிறேன்.”