பெரியவன் வரும் இசை

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மகளின் போனில் ஒரு பழைய ரீவி கேம் இசை விறுவிறுவென்று ஓடியது. கேமின் கடைசி எதிரி வரும்போது ஒலிப்பது அது. எங்கள் ஊர் பெரியகல்லாற்றில் அவனைப் 'பெரியவன்' என்போம். அவன் சாகும்வரை இசை நிற்காது. அண்ணன் அவனை வென்றதேயில்லை. வீட்டில் விரல் பழக்க, கேம் கடையில் அந்த இசையைக் கசெற்றில் பிடித்து வந்தான். ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் அண்ணனைக் கொண்டுபோன பிறகு, வாவிக்கரை வெயிலில் பற்றரிகளைக் காயவைத்துக் காயவைத்து நான் அதைப் போட்டுக் கேட்டேன். பற்றரி இறங்க இறங்க இசை இழுபட்டு ஒப்பாரி போலானது.

"நிப்பாட்டாத மனே, அண்ணன் வந்து வெல்லட்டும்," என்பார் அம்மா.

"இது பிழை மகள், இவ்வளவு வேகமா வராது," என்றேன் இன்று.

"இதுதான் சரி அப்பா," என்று சிரித்தாள்.

அண்ணனுக்கு இம்முறையும் எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை.

எழுதிய நாள்: ஆடி அமாவாசை.