நான் வேண்டாமென்று சொன்ன ஹீட் பம்ப்

எங்கள் நகரின் அஜின்கோர்ட் பகுதியில், எனக்குப் பழக்கமான ஒரு அன்ரியின் வீட்டுக் காஸ் ஃபேர்னஸ் நின்றுபோனபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள். வீடுகளைச் சூடாக்கும் இயந்திரங்களைப் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். பேஸ்மென்ற்றில் இறங்கிப் பார்த்தேன். மிகப் பழையது, இனித் திருத்திப் பயனில்லை.

அன்ரி ஒரு கட்டுக் காகிதத்தோடு இறங்கி வந்தார். வீடு சூடாக்குவது பற்றி லைப்ரரியில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய் வாங்கி வந்தவை. பக்கமெல்லாம் பேனையால் கோடு போட்டிருந்தார்.

"தம்பி, காஸை விட்டிட்டு ஹீட் பம்ப் போட்டால் என்ன? கரண்டில வெளிக்காத்தின்ர சூட்டை இழுத்து உள்ளுக்கு விடுமாம். புகையும் இல்லையாம். எங்கட குளிரைத் தாங்குமோ?"

படியில் நின்ற அவருடைய கணவர், அங்கிள், "எண்ணெயும் காஸும் கொட்டிக் கிடக்கிற நாட்டில உவவுக்கு உந்த விசர்," என்றார்.

உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. அதுவரை நான் ஒரு ஹீட் பம்பும் பூட்டியதில்லை, பயிற்சிக்கும் போகவில்லை. தெரியாது என்றால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்களோ என்று பயம். அதைவிட, அங்கிளுக்கு முன்னால் மட்டமாகிவிடுவேனோ என்ற வெட்கம். நான் சிரித்தேன்.

"அன்ரி, உது வெயில் நாட்டுச் சாமான். மைனஸ் இருபதில நீங்கள் விறைச்சுப் போவியள்."

"பாத்தியே? தெரிஞ்ச ஆள் சொல்லுது," என்றார் அங்கிள். அன்ரி காகிதங்களை இரண்டாக மடித்துக்கொண்டு மேலே போனார். அந்த வாரமே புதிய காஸ் ஃபேர்னஸைப் பூட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் பலரும் ஹீட் பம்ப் கேட்கத் தொடங்கியதால் பயிற்சிக்குப் போனேன். நான் சொன்னது பிழையென்று முதல் நாளே தெரிந்துவிட்டது. கடுங்குளிருக்கென்றே செய்த ஹீட் பம்புகள் எப்போதோ வந்துவிட்டிருந்தன. ஒன்றை என் வீட்டிலேயே பூட்டினேன். அன்ரிக்கு மட்டும் சொல்லவில்லை.

ஜனவரியில் என் மகளின் பிறந்தநாளுக்கு இருவரும் வந்தார்கள். வெளியே மூக்கு எரியும் குளிர். அன்ரி ஹோலின் சுவரிலிருந்த ஹீட் பம்ப் பெட்டிக்குக் கீழே போய் நின்று, கையை உயர்த்தி அதிலிருந்து வரும் சூடான காற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"உது அதுதானே?"

"ஓம் அன்ரி."

"அண்டைக்கு ஏன் சிரிச்சனீர்?"

"எனக்கு உதைப் பற்றித் தெரியாது அன்ரி. தெரியாதெண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது."

அவர் குரலை உயர்த்தவில்லை. "என்னட்டச் சொல்லி என்ன? அவரிட்டச் சொல்லும். போற வீடெல்லாம் அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னைப் பகிடி பண்ணுறார்."

சொல்லிவிடுவதென்றுதான் சாப்பாட்டு மேசைக்குப் போனேன். அன்ரியும் பின்னால் வந்தார். அங்கிளைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் அவர் என் தோளில் கை போட்டார். "இவர் இல்லாட்டி மனுசி என்னைக் குளிரில சாகடிச்சிருப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். மரியாதையோடு என்னைப் பார்த்தார்கள். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "அங்கிள், தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டேன்.

திரும்பியபோது அன்ரி சாப்பிடாமலே வாசலில் குனிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.