ஐந்து குடத்து ஆறு

1962 மே 6, ஞாயிற்றுக்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். தெருக்குழாயில் ஏழாவது ஆளாக நின்று இரண்டு குடம் நல்ல தண்ணீர் பிடித்தேன். மூன்றாவது குடம் பாதி நிறைவதற்குள் குழாய் நின்றுவிட்டது. ஐந்தே முக்காலுக்கு மனைவியைச் சுவர்ப் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். முதுகில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டேன். இடுப்புப் புண் சென்ற ஞாயிறு இருந்த அளவே இருந்தது, ஒரு ரூபாய்க் காசு அகலம். ஆறரைக்குக் கஞ்சி. பதினொரு கரண்டி குடித்தாள். நாரணாபுரம் பட்டாசு ஆலைப் பக்கமிருந்து வெடி சோதிக்கும் சத்தம் ஏதும் இல்லை; ஞாயிற்றுக்கிழமை அது இருக்காது.

அன்றைய குறிப்பின் முதல் பாதி இவ்வளவுதான். மறு பாதியை எழுதுமுன் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முந்தைய ஆண்டு மார்ச்சில் அவள் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தாள். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு நர்ஸம்மா சொல்லியிருந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்ப்பவர். நான் அச்சகத்துக்குப் போகும் நாட்களில் பகலில் வந்து திருப்புவதும் அவர்தான். நேரங்களைக் கட்டம் போட்டு எழுதிக் கதவில் ஒட்டினேன். காலையில் ஜன்னல் பக்கம், ஒன்பதுக்குச் சுவர்ப் பக்கம், பன்னிரண்டுக்கு மறுபடி ஜன்னல் பக்கம்.

ஜனவரியில் மதுரைக்கு ஒரு பெரிய டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் காத்திருப்பு அறையில் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் மணல், கல், பச்சைப் பசேலென்று நீர்ப்பாசிகள். டாக்டர் அவள் காதுபடவே, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அவள் எதுவும் கேட்பதில்லை. ஜன்னல் பக்கம் திருப்பினால் கண்ணை மூடிக்கொள்வாள். சுவர்ப் பக்கம் திருப்பினால் திறப்பாள். ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அந்தத் தொட்டியில இருந்த பாசி எங்க படித்துறைப் பாசி மாதிரியே இருந்துச்சு."

அவள் தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் அவள் கண் திறந்திருக்க ஒரு காரணம் வேண்டும். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இரும்புப் பட்டறையில் ஒரு தொட்டிக்குச் சட்டம் அடித்தேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினான்கு அங்குல உயரம். மூன்று பக்கம் கண்ணாடி. பின்பக்கத்துக்குக் கறுப்பு வார்னிஷ் பூசிய தகரம். சாக்பீஸ் தூளையும் அச்சகத்து ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து, இடுக்கு அடைக்கும் மக்கு செய்து, கண்ணாடியைப் பொருத்தினேன். வைப்பாற்று மணலை, தண்ணீர் தெளியும் வரை பதினொரு முறை அலசினேன். ஒரு மாலை அவளிடம் கேட்டேன்.

"படித்துறையில நின்னா என்ன தெரியும்?"

"என்ன தெரியும், தண்ணி தெரியும்."

"எந்தப் பக்கம் பாசி, எந்தப் பக்கம் கல்லு, சரியாச் சொல்லு."

"கோர்ட்டுல கேக்க மாதிரில்லா கேக்கீக." கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "இடது கைப் பக்கமிருந்து தண்ணி வரும். அங்கனதான் நாடா மாதிரி நீளப் பாசி. நுனியெல்லாம் வலது பக்கம் சாஞ்சு கிடக்கும். நடுவுல மூணு கல்லு. அந்தாண்ட வெறும் மணலு."

அடுத்த ஞாயிறு அவள் ஊருக்கே போனேன். படித்துறையில் நின்று, பார்த்தபடி நோட்டில் வரைந்தேன். ஈரச் சாக்கில் பாசியைச் சுற்றிக்கொண்டு மாலை ரயிலில் திரும்பினேன். சாக்கை நனைத்து நனைத்து வைத்தேன். பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாசியைக் கிணற்று உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, ஒரு வாரம் பின்கட்டில் ஒத்திகை பார்த்தேன். அச்சகத்தில் படம் வரையும் கல் வந்த மரப்பெட்டியில் ஈர மணல் நிரப்பி, பாசிக்குப் பதில் வேப்பங்குச்சி நட்டேன். முன்னால் ஒரு விரல் கனம், பின்னால் நான்கு விரல் கனம் என்று மணலைச் சரித்தால் பெட்டி ஆழமாகத் தெரிகிறது. மூன்று கல்லையும் சம தூரத்தில் வைத்தால் கடையில் அடுக்கியது போலிருக்கிறது. இரண்டை நெருக்கி ஒன்றைத் தள்ளி வைத்தால் ஆறு கொண்டுவந்து போட்டது போலாகிறது. இது ஆறாவது ஒத்திகையில்தான் தெரிந்தது. மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றையும் நோட்டுப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். அவளுக்கு எதையும் காட்டவில்லை. முடித்துவிட்டுக் காட்ட நினைத்தேன்.

ஏப்ரல் 15 அன்று ஜன்னலோரப் பெஞ்சில் தொட்டியை வைத்து, நட்டு முடித்து, ஐந்து குடம் நல்ல தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெல்ல ஊற்றினேன். கலங்கல் தெளிய நான்கு மணி நேரம் ஆயிற்று. நர்ஸம்மா அவளைத் திருப்பி, "அக்கா, கண்ணைத் திறங்க, அண்ணாச்சி ஆத்தையே கொண்டாந்துட்டாக" என்றார்.

அவள் திறந்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"ஏங்க, எங்க ஆறு எப்பம் மலைக்குத் திரும்பிச்சு?"

எங்களுக்குப் புரியவில்லை.

"என்னக்கா சொல்லுதீக?" என்றார் நர்ஸம்மா.

"தண்ணி கடலுக்குல்லா போகணும்? இது பாபநாசத்துக்குல்லா போகுது! உங்க அண்ணாச்சி கல்லுல வரையுத மாதிரியே வரைஞ்சிட்டாக. இனிமே இதை அச்சடிச்சு எடுத்தாத்தான் நேராகும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இருமல் வரும் வரை சிரித்தாள். பதின்மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

அவள் சொன்னது சரி. லித்தோ அச்சில் படத்தைக் கல்லின் மேல் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். காகிதத்தில் பதியும்போது நேராகும். பட்டாசு லேபிளும் தீப்பெட்டி லேபிளும் பத்தொன்பது வருடம் அப்படி வரைந்த கை என்னுடையது. படித்துறையில் கண் நேராகப் பார்த்தது, கை திருப்பி வரைந்திருக்கிறது. ஒன்பது ஒத்திகையையும் அந்தப் படத்தை வைத்தே திருத்தியிருக்கிறேன்.

"பிரிச்சு மாத்திருதேன்" என்றேன்.

"வேண்டாம். இன்னும் அஞ்சு குடமா? குழாயடியில பேசுதது எனக்கும் கேக்கத்தான் செய்யுது."

எனக்கும் கேட்டிருந்தது. "மனுசருக்கே தண்ணியில்ல, இங்கன மீனுக்குக் குடங்குடமா ஊத்துதாக" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி, "மீனுகூட இல்லடீ, வெறும் பாசிக்காம்!" என்றாள். வரிசையே சிரித்தது. பாசி வேர் பிடித்த பிறகு மீன் விடலாம் என்று இருந்தேன்.

வேர் பிடிக்கவில்லை. ஜன்னல் தொட்டியின் இடது கோடியில் இருந்தது. உயரமான பாசி அந்த வெளிச்சத்தில் நின்றிருக்க வேண்டும். என் பிழையால் வலது கோடி இருட்டில் நின்றது. நான்காம் நாள் நுனி பழுத்தது. பத்தாம் நாள் தண்டு கண்ணாடி போல வெளுத்து, தொட்டால் கரைந்தது. வெளிச்சம் விழுந்த இடத்தில் வெறும் மணல் கிடந்தது. இரண்டு கொத்தை மட்டும் பிடுங்கி இடம் மாற்றிப் பார்த்தேன். மணல் கலங்கியதுதான் மிச்சம், அவையும் பிழைக்கவில்லை.

ஆனால் அந்த மூன்று வாரமும் அவள் ஜன்னல் பக்கம் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். 22ஆம் தேதி காலை ஒன்பதுக்குத் திருப்பப் போனபோது, "இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள். அந்த வாக்கியத்தை அன்றைய குறிப்பில் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

பாசி முழுவதும் போவதற்குள் ஒரு முறையாவது அவள் தன் ஆற்றை நேராகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு வழி என் தொழிலிலேயே இருந்தது. கல்லில் வரைந்ததைச் சரி பார்க்க நாங்கள் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்திருப்போம். கல்லுக்கு எதிரே பிடித்தால் எழுத்தும் படமும் நேராகத் தெரியும். அதைச் சனிக்கிழமை கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றரை அடிச் சதுரம், மரச்சட்டம், ஓரமெல்லாம் மை விரல் பதிந்தது. சுவரில் மாட்டிவிட்டால், சுவர்ப் பக்கம் படுக்கும்போதும் அவள் முதுகுக்குப் பின்னாலிருக்கும் ஆறு கண்முன் தெரியும். அதுவும் கடலை நோக்கி ஓடும். அவள் தூங்கும்போது தொட்டியிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து தலையணைக்கும் நூல் பிடித்து அளந்தேன். ஆணிக்குப் புள்ளி வைத்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமையின் மறு பாதி.

எட்டரைக்கு ஆணி அடித்தேன். ஜன்னல் பக்கம் படுத்திருந்தவள், "சுவத்துல என்ன பண்ணுதீக?" என்றாள்.

"திரும்பும்போது பாரு. உன் ஆத்தைக் கடலுக்கே விட்டுட்டேன்."

"அச்சடிச்சாச்சா?" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது.

ஒன்பது மணி. கோவிலுக்குக் கிளம்பிய நர்ஸம்மா வழியில் எட்டிப் பார்த்தார். இருவருமாகத் திருப்பினோம். வெயில் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. என் நூலளவு பிசகவில்லை: கண்ணாடியின் மேல் பாதியில் மூன்று கல்லும், மிச்சமிருந்த பாசியும், அதன் சாய்வும் அவள் சொன்ன பக்கத்தில் இருந்தன. நான் அளந்ததில் ஒன்றைத்தான் சேர்க்கவில்லை. தலையணையில் இருக்கப்போகும் தலை. கண்ணாடியின் கீழ்ப் பாதி முழுவதும் அதுதான் இருந்தது.

புண்ணுக்கும் பேனுக்கும் பயந்து தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தோம். கன்னம் ஒட்டிப் பல் முன்னால் வந்திருந்தது. வீட்டில் இருந்த ஒரே கண்ணாடியை, அவள் விழுந்த மாதமே நர்ஸம்மா சொல்லிப் பரணில் போட்டிருந்தேன். இதை மாட்டும்போது எனக்கு அது நினைவு வரவில்லை. பத்தொன்பது வருடம் எழுத்தும் படமும் மட்டுமே பார்த்த கண்ணாடி. அதில் முகம் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

"யாரு இது?" என்றாள்.

அவள் கையைத் தூக்கித் தலையைத் தடவினாள். கண்ணாடியில் இருந்தவளும் தடவினாள்.

"அக்கா, முடி என்ன, ரெண்டு மாசத்துல வளந்துரும்" என்றார் நர்ஸம்மா.

"எங்கம்மா கடைசியில இப்படித்தான் கிடந்தா." பிறகு என்னிடம், "எடுத்துருங்க" என்றாள்.

எடுத்தேன். அவள் ஆற்றைப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஜன்னல் பக்கம் திருப்பப் போனேன். வேண்டாம் என்றாள். மூன்றுக்கும் வேண்டாம் என்றாள். ஆறு மணிக்கு நர்ஸம்மா வந்து, "இப்படியே கிடந்தா புண்ணு எலும்பைத் தொட்டுரும்க்கா" என்று கெஞ்சி, நானும் அவருமாகத் திருப்பினோம். தொட்டிக்கு நேராகக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே கஞ்சியை இரண்டு கரண்டியோடு நிறுத்தினாள். ஒன்பதுக்குச் சுவர்ப் பக்கம் திருப்பியதும் கண்ணைத் திறந்தாள்.

"நாளையிலேருந்து இந்தப் பக்கமே இருக்கேன். அந்தத் தண்ணிய வேம்புக்கு ஊத்திருங்க."

"சரி" என்றேன். கதவில் ஒட்டியிருந்த கட்டத்தைக் கிழிக்கவில்லை.

மே 7, திங்கட்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். குழாய்க்குப் போகவில்லை. தொட்டிக்குப் பிசைந்ததில் மிஞ்சிய மக்கு, காயாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தது. முதல் வேலையாக, அவள் முகத்துக்கு நேரே சுவரில் இருந்த ஆணியைப் பிடுங்கினேன். ஓட்டையில் மக்கை அடைத்து, மேடு தெரியாமல் கட்டைவிரலால் தேய்த்தேன்.