ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்

யூடித் டெலப்போர்ட் எட்டு வருடமாக நெதர்லாந்தில் எங்கள் ஹார்லெம் ஊர் பிரெஞ்சு சபையில் மூப்பர். இன்னொரு நான்கு வருடத் தவணை வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். நார்வேயில் மகள் வீடு வாங்கி, கடலைப் பார்த்த அறையை அம்மாவுக்கென்று ஒழித்து வைத்திருந்தாள். போதகர் மர்ஷான் போனில் கேட்டபோது யூடித்துக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ரொம்ப நன்றி யூடித்," என்று அவர் வைத்துவிட்டார். எங்கள் சபையில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம்.

சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) விசுவாசத்துக்காகத் தெற்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த பிரெஞ்சு நெசவாளிகளுக்கு நகரம் கொடுத்த கோயில் இது. வந்ததும் சுவரில் இருந்த புனிதர்களின் ஓவியங்கள் மேல் வெள்ளையடித்தார்கள். சங்கீதங்களைத் தங்கள் பிரெஞ்சிலேயே பாடினார்கள். ஒரு காலத்தில் இடமில்லாமல் வாசலில் நின்று பாடினார்களாம். இப்போது முதல் மூன்று வரிசை நிரம்புவதே பெரிய விஷயம். மூப்பர்கள் மூன்றே பேர். ஒருவர் குறைந்தாலும் பக்கத்து டச்சு சபையோடு சேர்த்துவிடுவார்கள். பிரெஞ்சுப் பாட்டும் அன்றோடு நின்றுவிடும். யூடித் தானே விலகினால், நானூறு வருடக் கோயிலை மூடிய பழி அவருடையது. வேறு யாராவது அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தேவலை.

மூப்பராகப் போகிறவர் பெயரை, ஆட்சேபணை உண்டா என்று கேட்டு, இரண்டு ஞாயிறு வாசிப்பது வழக்கம். முதல் ஞாயிறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு போதகர் வாசித்து முடித்ததும் யூடித் எழுந்தார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு."

"யார் மேல?"

"என் மேலதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "விசுவாசத்துலயோ நடத்தையிலயோ குறை இருந்தாத்தான் ஆட்சேபணை செல்லும். உங்களுக்கு எதுல குறை?"

"நடத்தையிலயா?" வாயில் பெப்பர்மின்டை ஒதுக்கிக்கொண்டு திருமதி கஸோ கேட்டார். "எத்தனை வருஷமா இவ பக்கத்து வீட்டுல இருக்கேன்! ரேடியோவைக்கூடச் சத்தமா வெச்சதில்ல. பாவம், இவளைப் பத்தி வம்பு பேசக்கூட எனக்கு ஒண்ணும் கிடைக்கல."

யூடித் முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். விசுவாசம் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய். நான் அவருக்கு நேர் பின்னால் இருந்தேன். அவர் கழுத்து சிவந்தது தெரிந்தது.

"போன வாரம் பிரசங்கத்துல தூங்கிட்டேன்," என்றார் கடைசியில்.

"நாங்க எல்லாரும்தானே தூங்கினோம்!" என்றார் இன்னொரு மூப்பர்.

போதகரே சிரித்துவிட்டார். "அப்போ ஆட்சேபணை இல்லை. பாடலாம்."

யூடித் உட்கார்ந்தார். ஆர்கன் தொடங்கியது. எல்லோரும் வழக்கம்போல அவர் குரலுக்காகக் காத்திருந்தார்கள், அவர் பாடினார்.

வெளியே வரும்போது போதகர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "மகளை நாங்க ரொம்பக் கேட்டதா சொல்லுங்க."

"நேர்லயே சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் அதற்கும் சிரித்தார்; யூடித் எப்போதாவதுதான் வேடிக்கையாகப் பேசுவார் என்பது அவருக்குத் தெரியும். யூடித் கோட்டை மாட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைத் திருப்பி மகளை அழைத்தார்.

"அந்த ரூமை யாருக்காவது வாடகைக்கு விட்டுடும்மா," என்றார். "இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."