ஒட்டிக்கொண்ட ரப்பர் வளையம்

நானும் என் கணவரும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு வேனில் காய்கறி கொண்டுபோகிறோம். சென்ற வருடம் வீட்டிலேயே ஆயில் மாற்றியபோது பழைய ஆயில் ஃபில்டர் இறுகிப்போய் அசையவில்லை. அவர் அதில் ஸ்க்ரூடிரைவரை அடித்து இறக்கி, நெம்பித் திருகிக் கழற்றினார். புதியதை மாட்டி, லோடு ஏற்றிக் கிளம்பினோம்.

காரமடை தாண்டியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க!" என்றேன்.

"மார்க்கெட்டுக்கு நேரமாச்சு அம்மணி, போய்ப் பாத்துக்கலாம்."

நான் விடவில்லை. நிறுத்திக் குனிந்து பார்த்தால், ஃபில்டரைச் சுற்றி ஆயில் கொட்டிக்கொண்டிருந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை அதன் வளையத்தோடு மாட்டியிருந்தோம்; இரண்டு வளையம் சேர்ந்ததால் ஃபில்டர் இறுகப் பொருந்தவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா எஞ்சினே போயிருக்கும்" என்றார் அவர்.

இப்போதெல்லாம் பழைய ஃபில்டரோடு வளையமும் வந்துவிட்டதா என்று நான் பார்க்கிறேன். அதைக் கண்ணால் காணாமல் புதியதை அவர் கையில் கொடுப்பதில்லை.